நாய்க்குப் போன பழம்

எங்கள் வீட்டில் என் கையில் யாரும் கத்தரிக்கோல் கொடுப்பதில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் பள்ளிக் கைவேலைக்குக்கூட என் கணவர்தான் காகிதம் வெட்டித் தருகிறார். நான் பசை தடவலாம். (அதுவும் மேற்பார்வையில்.) பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் திறக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எனக்குக் கையில் ஏதோ குறை என்று நினைத்து, கேட்கத் தயங்கி, மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள். குறை எதுவும் இல்லை. பிரான்ஸ் தேசத்தில் நாலைந்து பேர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து நெய்த ஒரு படுதாவை இரண்டே மத்தியானத்தில் ஒரு வழி பண்ணிய கை இது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு, பள்ளத்தூரில் உமையாள் ஆச்சியிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆச்சி தன் பெரிய வீட்டின் பாதியை விடுதியாக மாற்றி நடத்திவந்தார். வருகிறவர்களுக்கு அறைச் சாவி கொடுப்பது, வீட்டைச் சுற்றிக் காட்டுவது, ஏதாவது ஒரு கதவு மாட்டிக்கொண்டால் எங்கள் அப்பாவைக் கூப்பிடுவது, இதுதான் என் உத்தியோகம். அப்பாவுக்குத் தச்சு வேலை. அம்மா கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தார். நான் எம்.ஏ. படித்தவள் என்பதால் இரண்டையும் கற்றுக்கொள்ளவில்லை. (பிறகு நடந்ததற்கு இந்த ஒரு வாக்கியமே போதும்.)

அந்த வீட்டின் முகப்பில், வாசலைத் தாண்டியதும் வரும் நீளமான கூடத்தில், ஒரு சுவர் முழுக்க அந்தப் படுதா தொங்கியது. ஆச்சியின் மாமனாருடைய அப்பா வியட்நாமில், சைகோனில் தொழில் செய்த காலத்தில், ஊருக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாமான்களோடு வாங்கியது என்பார்கள். அதனால் பெயரும் சைகோன் படுதா. துணியில் வரைந்ததல்ல, பூவேலை செய்ததும் அல்ல. கம்பளி நூலையும் பட்டு நூலையும் கொண்டு படமாகவே நெய்தது. ஒரு மரத்தடியில் ஓர் ஆட்டுக்காரன் உட்கார்ந்திருப்பான். காலடியில் ஒரு நாய் மேலே பார்த்தபடி படுத்திருக்கும். எதிரே மூன்று பெண்கள். அவன் கையை நேராக நீட்டி ஒரு பழத்தைக் கொடுப்பான். மூன்றாவது பெண் துணி விஷயத்தில் ரொம்பச் சிக்கனம் என்பதால், அவள் முன்னால் உயரமான முக்காலி போட்டு ஒரு பெரிய பீங்கான் ஜாடியை வைத்திருந்தார்கள்.

சுற்றிப்பார்க்க வருகிறவர்களிடம் நான் இதை "ஒரு பிரெஞ்சுக் குடும்பம் பழம் பறிக்கும் காட்சி" என்று சொல்லிவந்தேன். புல்லெல்லாம் ஏன் நீலமாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அது அவர்களுடைய பாணி என்றேன். எம்.ஏ. படித்தவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

அந்த வருஷம் ஒதீல் என்ற பிரெஞ்சு அம்மாள் ஒரு மாதம் தங்க வந்தார். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். காலை இட்லி முடிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படுதாவைப் பார்த்து வரைவார். என் விளக்கத்தை மரியாதையாக முழுவதும் கேட்டுவிட்டு, மெதுவான ஆங்கிலத்தில் உண்மைக் கதையைச் சொன்னார். அது பழைய கிரேக்கக் கதையாம். ஒரு கல்யாணத்துக்கு எல்லாத் தெய்வங்களையும் அழைத்தவர்கள் ஒரு பெண் தெய்வத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டு, "இருப்பதிலேயே அழகிக்கு" என்று எழுதிய பொன் பழம் ஒன்றைப் பந்திக்கு நடுவே உருட்டிவிட்டாள். மூன்று தேவிகள் அது தனக்குத்தான் என்றார்கள். தீர்ப்புச் சொல்லும் வேலை இந்த ஆட்டுக்காரன் தலையில் விழுந்தது. அவன் ஒருத்திக்குக் கொடுத்தான், மற்ற இருவரும் பகையானார்கள், கடைசியில் பத்து வருஷம் யுத்தம். நீலப் புல்லைப் பற்றி நான் சொன்னதற்கு மட்டும் ஒருமுறை இருமிக்கொண்டார்.

இப்போது சாலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசாலாட்சி, ஆச்சியின் ஒரே மகள், என் வயது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள். அவளுக்கு அதுவரை இரண்டு வரன்கள் வந்து, முகப்பில் உட்கார்ந்து, காப்பி குடித்து, நல்லபடியாகப் பேசிவிட்டுப் போய், ஒரு வாரத்தில் "வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. மூன்றாவதாக நெற்குப்பை என்ற ஊரில் ஒரு குடும்பம். பையன் சிங்கப்பூரில். இரண்டு வீட்டுச் சம்மதத்தோடு சாலா இரண்டு மாதமாக அவனோடு போனில் பேசிவந்தாள். அவன் பெயர் வரும்போதெல்லாம் தலைமுடியைச் சரிசெய்துகொள்வாள். இந்த இடம் முடிய வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை. பையனின் அம்மாவும் மற்றவர்களும் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

அதற்கு முந்தைய திங்கட்கிழமை ஆச்சி படுதாவின் முன்னால் நின்று, அதை அவிழ்த்துச் சாமான் அறையில் போடச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"அவன் எந்தக் கையால பழம் குடுக்குறான்னு பாரு" என்றார் ஆச்சி. "இடது கை. மங்கலம் பேசுற இடத்துல இடது கையால குடுத்தா எது நிக்கும்? இவன் முன்னாடி உக்கார வச்சுத்தான் ரெண்டு சம்பந்தமும் தட்டிப் போச்சு."

பார்த்தேன். இடது கைதான். ஆறு மாதமாகத் தினமும் விளக்கம் சொல்லியும் எனக்கு அது கண்ணில் பட்டதில்லை. ஆனால் படுதாவை எடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அதன் பின்னால் சுவரில் ஓதம் ஏறி, ஓர் ஆள் உயரத்துக்குப் பச்சையும் கறுப்புமாகக் கறை. நாலு நாளில் காயவைத்து வெள்ளையடிக்க வழியில்லை. சம்பந்தக்காரர்களை அந்தக் கறைக்கு முன்னால் உட்கார வைக்க முடியாது. அவர்களை வேறு எங்கும் உட்கார வைக்கும் வழக்கமும் அந்த வீட்டில் இல்லை. அப்படியானால் நாளையே தள்ளிப் போட்டுவிடலாம் என்றார் ஆச்சி. சாலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. லீவில் வந்திருந்த பையன் அடுத்த வாரம் சிங்கப்பூர் திரும்புகிறான். தள்ளிப் போட்டால் ஆறு மாதம்.

சமையற்கட்டுப் பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். "காமு, நீ எப்படியாச்சும் வழி பண்ணு. இந்தத் தடவை மட்டும் போயிரக் கூடாது" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் உருகிவிட்டேன். எனக்கு யாராவது "நீதான் வழி பண்ண வேண்டும்" என்று சொல்லிவிட்டால் போதும், மூளை என்னைக் கேட்காமலே ஓட ஆரம்பித்துவிடும். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

படுதாவின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தேன். அங்கே புல் பச்சையாக இருந்தது. நல்ல நாற்றங்கால் பச்சை. முன்பக்கம் இத்தனை வருஷ வெளிச்சத்தில் வெளுத்து நீலமாகிவிட்டதே தவிர, பாணியும் இல்லை ஒன்றும் இல்லை. பின்பக்கம் வெளிச்சமே படாமல் நேற்று நெய்தது மாதிரி இருந்தது. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. முக்கியமாக, படம் இடவலம் மாறித் தெரிந்தது. ஆட்டுக்காரன் வலது கையால் பழம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

திருப்பி மாட்டிவிடலாம் என்று ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி குனிந்து, பின்பக்கத்தைப் பார்த்து, நிமிர்ந்து, என்னை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "படிச்ச பிள்ளைன்னா படிச்ச பிள்ளைதான்" என்றார். அந்தச் சான்றிதழ் நாலு நாள் செல்லுபடியானது. ஒதீல் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் அன்று காலைதான் ராமேஸ்வரத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார், வெள்ளிக்கிழமை திரும்புவதாக. போன் என்று ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பாவும் இன்னும் மூன்று பேரும் படுதாவை இறக்கி, கூடத்தில் ஜமுக்காளங்களை விரித்து, பின்பக்கம் மேலே தெரியும்படி போட்டார்கள். வெளிச்சத்தில்தான் தெரிந்தது. பின்பக்கம் முழுக்க நூல் முனைகள். ஒரு விரல் நீளம், இரண்டு விரல் நீளம் என்று ஆயிரக்கணக்கில் தொங்கின. ஆட்டுக்காரனுக்குக் கன்னத்தில் மட்டுமில்லாமல் முழங்காலிலும் தாடி இருந்தது. தேவிகளுக்கும்.

நான் தையல்காரி மகள் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. எங்கள் ஊர்ப்பக்கம் ஆச்சிமார்கள் தைத்த ரவிக்கையை வாங்கினால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். உள்ளே ஒரு நூல் தொங்கினால் அதைக் கையால் பிடித்துத் தூக்கிக் காட்டுவார்கள். அதைவிட அவமானம் அம்மாவுக்குக் கிடையாது. அதனால் ஐந்து வயதிலிருந்து என் வேலை பிசிறு வெட்டுவது. தையல் வராது, அளவெடுக்க வராது, பிசிறு மட்டும் ஒழுங்காக வெட்டுவேன். என் கண்ணுக்கு முன்னால் நூறு சதுர அடிப் பிசிறு கிடந்தபோது, அது அதன் இடத்தில் இருக்க வேண்டியதோ என்ற சந்தேகம் எனக்கு வரவே இல்லை. எவ்வளவு பெரிய தையல்காரனுக்கும் இப்படி ஒரு சோம்பேறித்தனமா என்றுதான் வந்தது.

அம்மாவின் கத்தரிக்கோலை வாங்கிவந்தேன். செவ்வாய் மத்தியானம் மரமும் ஆட்டுக்காரனும். புதன் மத்தியானம் தேவிகளும் நாயும். முனைகளை அடியோடு, சுத்தமாக வெட்டினேன். போகிற போக்கில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நீட்டிய கையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும், தேவிகளின் தோள்களைச் சுற்றியும் யாரோ முரட்டு நூலால் தையல் போட்டிருந்தார்கள். பழைய ஒட்டுவேலை என்று முடிவுகட்டி, அவற்றையும் ஒன்று விடாமல் பிரித்தெடுத்தேன். சாலா லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். எனக்கு மோர் கொண்டுவந்தாள், நூல்களைக் கூட்டி அள்ளினாள், என் கையைப் பிடித்து விட்டாள். ஒரு சாக்கு நிறைய நூல் சேர்ந்தது. இப்படி ஒரு சிநேகிதி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாக்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பிசிறா? யாருத்தா தைச்சது இதை?" என்று கேட்டார். வெள்ளைக்காரன் என்றேன். அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

வியாழக்கிழமை படுதா வலது கையோடு சுவருக்கு ஏறியது. பச்சைப் புல், சிவப்பு அங்கி, வழவழப்பான பரப்பு. சிக்கனமான தேவி இப்போது மறுபக்கம் போய்விட்டதால் ஜாடியையும் மறுபக்கம் மாற்றினேன். ஆச்சி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் அன்று தரையில் நடந்ததாக நினைவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நெற்குப்பைக்காரர்கள் வந்தார்கள். பையனின் அம்மா மீனாள் ஆச்சியும், அவருடைய ஓரகத்திகள் இருவரும். ஆண்கள் உள்ளே முற்றத்தைச் சுற்றிய வளவில் உட்கார்ந்து கொண்டார்கள். மூன்று ஆச்சிமார்களும் முகப்பில், படுதாவின் நேர் கீழே, ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். மேலே மூன்று பேர், கீழே மூன்று பேர். மூவரில் யாரும் அதிகம் சிரிக்கிறவர்களாகத் தெரியவில்லை. பழத்தட்டை யாரிடம் முதலில் நீட்டுவது என்று நான் தயங்கி நின்றபோது, உமையாள் ஆச்சி என் கையிலிருந்து அதை வாங்கி நடுமேசையில் வைத்துவிட்டார். ஆச்சிக்கு இதெல்லாம் அனுபவம். மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றின.

மீனாள் ஆச்சி கழுத்தைத் திருப்பிப் படுதாவைப் பார்த்து, இது என்ன கதை என்று என்னைக் கேட்டார். நான் காத்திருந்த நேரம் அது. ஒதீல் அம்மா சொன்ன கதையைத் தமிழில் எடுத்துவிட்டேன். மூன்று தேவிகள், ஒரு பழம், ஒரு தீர்ப்பு.

"யாருக்குக் குடுத்தான்?" என்றார் ஓர் ஓரகத்தி.

கதைப்படி ஜாடிக்குப் பின்னால் இருக்கும் தேவிக்கு. ஜாடி நேராக மூத்த ஓரகத்தியின் தலைக்கு மேல் இருந்தது. சம்பந்தி ஆகப்போகிறவர் நடுவில் இருந்தார். கிரேக்கர்கள் மன்னிக்கட்டும், "நடுவில இருக்கவுகளுக்கு" என்றேன். மூத்தவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். நிலைமையைச் சரிசெய்ய, பழம் எப்படி வந்தது என்ற முன்கதைக்குத் தாவினேன். கல்யாணத்துக்கு ஒரு தெய்வத்தை அழைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று சொன்னதும் மூவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள்.

"அழைக்கலையா?" என்றார் மீனாள் ஆச்சி. "ஒருத்தரை விட்டுட்டா? அந்த வீட்டுல பெரியவுகன்னு யாரும் இல்லையா?"

கிரேக்கக் கல்யாண வீட்டை அடுத்த கால் மணி நேரம் மூவரும் சேர்ந்து கிழித்தார்கள். பங்காளிகளில் ஒருவரை விட்டாலே பத்து வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது, இதில் தெய்வத்தை விட்டால் யுத்தம் வராமல் என்ன செய்யும் என்று மூத்த ஓரகத்தி கேட்டார். பழம் உருட்டியவள் பக்கம்தான் நியாயம் என்று தீர்ப்பானது. அந்தச் சூட்டிலேயே மீனாள் ஆச்சி உமையாள் ஆச்சியின் பக்கம் திரும்பி, இங்கே அழைக்க வேண்டியவர்கள் எத்தனை வீடு என்று விசாரித்தார். வளவுக் கதவோரம் நின்ற சாலா என்னைப் பார்த்தாள். அழைப்புப் பட்டியலைப் பற்றிப் பேச்சு வந்தால் முக்கால்வாசி முடிந்த மாதிரி. நான் கண்ணாலேயே அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

"அவன் கை இறங்குது" என்றார் இளைய ஓரகத்தி.

எல்லோரும் பார்த்தோம். நேராக நீட்டியிருந்த கை இப்போது கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ஃபேன் காற்று என்றேன். ஃபேனை நிறுத்தினார்கள். கை நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், வேலை முடிந்து ஓய்வெடுப்பதுபோல் இறங்கியது. கைக்கு மேலே படுதா வாய் திறந்துகொண்டது. அந்த வாய் வழியாகச் சுவரின் பச்சைக் கறை எட்டிப் பார்த்தது. பிறகு நடுத்தேவிக்குத் தோளில் ஒரு வாய் திறந்தது. மணிக்கட்டில் நிறநூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவிக்கொண்டன. வலது கை, மங்கலமான வலது கை, பழத்தோடு கீழே வந்து, மேலே பார்த்தபடி படுத்திருந்த நாயின் மூக்குக்கு நேராக நின்றது.

உமையாள் ஆச்சி என்னைப் பார்க்கவில்லை, அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. சாலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இந்த இடம் போனால் அவள் எப்படி இருப்பாள் என்பது அந்த நிமிஷம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்னால்தான் போகப்போகிறது என்பதும் தெரிந்தது. இந்த நிலையில்தான் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்று, ஒதீல் அம்மா ராமேஸ்வரத்துப் பையோடு உள்ளே வந்தார். படுதாவைப் பார்த்தார். பக்கத்தில் போய், வழவழப்பாக வெட்டியிருந்த பரப்பை விரலால் தடவினார். பிரெஞ்சில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதன் பொருளை நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

மீனாள் ஆச்சி எழுந்தார். கிளம்புகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் படுதாவின் எதிரே போய் நின்று, பழத்தையும் நாயையும் சற்று நேரம் பார்த்தார்.

"இது நல்ல தீர்ப்பு" என்றார். "மூணு பேருல ஒருத்திக்குக் குடுத்திருந்தா மத்த ரெண்டு பேரும் அவளைச் சும்மா விட்டிருப்பாகளா? நாய்க்குக் குடுத்துட்டான். இனி எவளுக்கும் பேச்சில்லை." பிறகு தன் ஓரகத்திகளைத் திரும்பிப் பார்த்தார். முதலில் சிரித்தவர் மூத்தவர்தான். அப்புறம் மூவரும் சிரித்தார்கள். கண்ணில் நீர் வர, முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். வளவிலிருந்து ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மீனாள் ஆச்சி உட்கார்ந்து, "பொண்ணைக் கூப்பிடுங்க, பேசி முடிச்சிருவோம்" என்றார்.

அவர்கள் போன பிறகு உமையாள் ஆச்சி என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "சம்பந்தம் கூடிருச்சு. படுதா போயிருச்சு. உன்னை என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியலை. நீ போய்ச் சாப்பிடு."

என்ன சொல்வது என்பது ஒதீல் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார். இந்த மாதிரிப் படுதாவில் இரண்டு நிறங்கள் சேரும் இடத்தில் நெசவு ஒட்டாமல் கீறல் விழுமாம். அதை நெய்தவர்களே பின்பக்கம் தைத்து மூடுவார்களாம். நான் ஒட்டுவேலை என்று பிரித்தது அந்தத் தையலை. தொங்கிய முனைகள்தான் நூலை உருவாமல் பிடித்து வைத்திருந்தவை. நான் பிசிறு என்று வெட்டியது அவற்றை. இதைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்தவே இல்லை. பிறகு, வெட்டிய நூலெல்லாம் எங்கே என்று கேட்டார். பழுது பார்க்க அதே நிறநூல் வேறு எங்கும் கிடைக்காதாம்.

வீட்டுக்கு ஓடினேன். சாக்கு காலியாகக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா எந்தத் துண்டு துணுக்கையும் வீணாக்க மாட்டார். நூலெல்லாம் தலையணைக்குள் போயிருந்தது. தலையணையின் மேல் அப்பா மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். தலையைத் தூக்கி உருவினேன். அவர் எழுந்து உட்கார்ந்து, "ரெண்டு நாளா இந்தத் தலகாணியில கழுத்து வலியே இல்லத்தா" என்றார். அவருக்கு விவரம் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, முகமும் இல்லை.

ஒதீல் அம்மா பயணத்தைத் தள்ளிப் போட்டு இன்னும் ஆறு வாரம் தங்கினார். என் அம்மா கடையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டு காலையில் வந்தார். இருவரும் ஜமுக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனால் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது எனக்குப் புரியும். நான் தலையணையைப் பிரித்து நிறவாரியாக நூல் எடுத்துக் கொடுத்தேன். கத்தரிக்கோல் அம்மாவின் மடியை விட்டு நகரவில்லை.

வேலை முடிந்து, முன்பக்கம் தெரியும்படி மாட்டும் நாளில் இடது கைப் பிரச்சினை மறுபடி வந்தது. ஒதீல் அம்மா விளக்கினார். நெய்கிறவர்கள் பின்பக்கம் இருந்துதான் நெய்வார்களாம். எதிரே வைத்திருக்கும் ஓவியத்தில் அவன் வலது கையால்தான் கொடுக்கிறான். முன்பக்கம் திருப்பும்போது அது இடதாகிவிடுகிறது. இதைக் கேட்டதும் ஆச்சியின் முகம் தெளிந்தது. நெய்தவன் பார்த்தபோது வலது கை என்றால் கணக்கு வலதுதான் என்று சொல்லிவிட்டார். இதை இரண்டு மாதம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் இன்று பால் பாக்கெட்டைக் கௌரவமாகத் திறந்துகொண்டிருப்பேன்.

கீறல்கள் மூடின, தோள்கள் சேர்ந்தன, ஆனால் கை மட்டும் பழைய உயரத்துக்கு ஏறவே இல்லை. எவ்வளவு இழுத்துத் தைத்தும் ஒரு சாண் தாழ்ந்தே நின்றது. பழம் இன்றைக்கும் நாய்க்கு நேராகத்தான் இருக்கிறது. சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் அந்த நாயைத்தான் அதிகம் போட்டோ எடுக்கிறார்கள்.

சாலாவின் கல்யாணத்தன்று காலை, ஆச்சி வீட்டுக் கத்தரிக்கோல்கள் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். "காமு வந்திருக்கா" என்று காரணமும் சொன்னார். அன்று தொடங்கிய வேடிக்கை அது. சாலாவுக்கு நான் தலை சீவிக்கொண்டிருந்தேன். ரவிக்கைக் கையில் ஒரு நூல் தொங்கியது. வெட்ட எதுவும் இல்லாமல் குனிந்து பல்லால் கடித்தேன். அப்போது அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"காமு, அந்த இடது கை விஷயத்தை ஆத்தாகிட்டச் சொன்னது நான்தான்."

முதல் இரண்டு வரன்களும் அவளுக்குப் பிடிக்கவில்லையாம். ஆத்தாவான ஆச்சியிடம் சொல்லப் பயந்து, அந்தப் பையன்களுக்கே போன் பண்ணி, வேண்டாம் என்று சொல்லிவிடும்படி கெஞ்சியிருக்கிறாள். அவர்களும் நல்ல பிள்ளைகள், அப்படியே செய்தார்கள். ஏன் தட்டிப்போகிறது என்று ஆத்தா துருவித் துருவிக் கேட்டபோது, மாட்டிக்கொள்ளாமல் இருக்க எதிரே தெரிந்த படுதாவின் இடது கையைக் காட்டினாள். மூன்றாவது பையனைப் பிடித்துப்போன பிறகு, சொன்ன பொய் குறுக்கே வந்து நின்றது. அதனால்தான் மோரும், கை பிடித்து விட்டதும்.

"வாய்க்கு வந்ததைச் சொன்னேன்" என்றாள். "நீ கத்தரிக்கோலை எடுப்பேன்னு நான் கண்டேனா?"

எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். முகூர்த்தம் முடிந்து பந்தியில் மூன்றாவது பாயசம் வரை இருந்தது. அதற்குமேல், மணவறையில் அவள் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு, அதைத் தூக்கிச் சுமக்க முடியவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

இப்போது அந்த விடுதியை நான்தான் நிர்வகிக்கிறேன். சாலா வருஷம் ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து வருகிறாள். ஒவ்வொரு முறையும் சாப்பாட்டுக்குப் பிறகு ஆச்சி அந்தக் கதையை எடுக்கிறார். நெற்குப்பை ஆச்சிமார்கள் இருந்தால் அவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். பிசிறில் ஆரம்பித்து, கை இறங்கியதைக் கையாலேயே நடித்துக் காட்டி, "பழத்தை நாய்க்குக் குடுத்தவ இவதான்" என்று என்னைக் காட்டி முடிப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள் சாலா. போன மாதம் வந்தபோது, சிரித்ததோடு நில்லாமல், ஆச்சி விட்டுப்போன ஒரு விவரத்தையும் எடுத்துக் கொடுத்தாள்.

உமையாள் ஆச்சி எது அச்சில் வந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி விடாமல் படிப்பவர். இந்தக் கட்டுரை வந்ததும் ஒரு பிரதியை அவருக்குக் கொடுக்கப்போகிறேன். அடுத்த பிரதியை மீனாள் ஆச்சிக்கு நெற்குப்பைக்குத் தபாலில் அனுப்புகிறேன். சத்தியத்தைப் பற்றி யாரும் கேட்டால், சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. சாலாவிடம் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. பழத்தை உருட்டிவிட்டேன், இந்தத் தடவை அது நாய்க்குப் போகாது.